கடலூர்க்காரர் கற்றுத்தந்த காசுக் கணக்கு

செகந்திராபாத் மோண்டா மார்க்கெட் பக்கம் மாலை ஆறு மணிக்கு மேல் எந்தக் கிராணாக் கடை முன்பாவது ஐந்து நிமிடம் நின்று பார்க்க வேண்டும். கடையின் முகப்பில் தோரணம் கட்டியதுபோல் பொட்டலச் சரங்கள் தொங்குகின்றன. ஷாம்பு, தேங்காய் எண்ணெய், காப்பித்தூள், ஊறுகாய், சோப்புத்தூள் என்று எல்லாமே சரம் சரமாக. கட்டட வேலை முடித்து வரும் கூலியாள் ஒருவர், “ஏக் ஷாம்பூ தேவ்” என்கிறார். கடைக்காரர் தலையைக்கூட உயர்த்தாமல் சரத்தில் ஒன்றைக் கிழித்துக் கொடுக்கிறார். நாணயம் கல்லாவில் விழுகிறது. வியாபாரம் முடிந்தது.

விலை என்ன என்று வந்தவர் கேட்கவில்லை, கடைக்காரரும் சொல்லவில்லை. விலை இருவருக்கும் மனப்பாடம். இவ்வளவு சுலபமாக நடக்கும் இந்த வியாபாரத்துக்குப் பின்னால் ஒரு தமிழ்க் குடும்பத்தின் நாற்பது ஆண்டுக்கும் மேற்பட்ட உழைப்பு இருக்கிறது என்பது இங்குள்ள நம்மவர்களில் பலருக்குத் தெரியாது. இந்தச் சரத்தின் ஆணிவேர் கடலூரில் இருக்கிறது.

இதை இப்போது நினைவூட்டக் காரணம் உண்டு. மெட்டுகூடா, லாலாகுடா, சிலக்கல்கூடா, கன்டோன்மென்ட் பகுதிகளில் குடியிருக்கும் தமிழ்க் குடும்பங்களில், கணவரின் சம்பளம் போதாமல் பெண்கள் வீட்டிலேயே இட்லிப் பொடி, பருப்புப் பொடி, முறுக்கு, வடகம், ஊறுகாய் செய்து விற்பது புதிதல்ல. ருசியில் குறை சொல்ல இடமில்லை. வாங்கியவர்கள் மறுபடியும் கேட்கிறார்கள். ஆனாலும் சில மாதம் ஓடிய வியாபாரம் சத்தமில்லாமல் நின்றுபோகிறது. “ராசியில்லை” என்று சொல்லி அடுப்பை அணைத்துவிடுகிறார்கள். உண்மையில் பல வீடுகளில் குறை ராசியிலும் இல்லை, கைப்பக்குவத்திலும் இல்லை. விலை வைத்த விதத்தில் இருக்கிறது.

கூலிக்காரரும் ரிக்ஷாக்காரரும்

கடலூரைச் சேர்ந்த சின்னி கிருஷ்ணன் மருந்துப் பொருள்களையும் அழகு சாதனங்களையும் சிறு அளவில் தயாரித்து வந்தவர். அந்த நாளில் முகத்துக்குப் பூசும் பவுடர் பெரிய டப்பாவில்தான் கிடைக்கும். எப்சம் உப்பும் அப்படியே. டப்பா வாங்க வசதியுள்ளவர் வாங்குவார்; மற்றவர் பார்த்துவிட்டுப் போவார். சின்னி கிருஷ்ணன் இதை மாற்ற நினைத்தார். பெரிய அளவில் விற்ற பொருளைச் சிறு பொட்டலமாக்கினார். தாம் செய்யும் பொருளை மூட்டை தூக்கும் கூலிக்காரரும் ரிக்ஷா இழுப்பவரும் வாங்கிப் பயன்படுத்த வேண்டும் என்பதே அவர் கொள்கை என்று பிற்காலத்தில் அவருடைய மகன் பல பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். உறையில் அடைத்து விற்பதுதான் எதிர்காலத்தில் நிற்கப் போகும் வியாபாரம் என்று அவர் நம்பினார்.

ஆனால் அவருக்கு ஒரு குறை இருந்தது. புதிது புதிதாகச் செய்வதில் இருந்த ஆர்வம், செய்ததைச் சந்தையில் நிலைநிறுத்துவதில் இல்லை. ஒன்றைக் கண்டுபிடித்ததும் அடுத்ததற்குப் போய்விடுவார். சரக்கு நல்லதாக இருந்தால் மட்டும் போதாது என்பதற்கு அவரே ஓர் எடுத்துக்காட்டு. அவர் காலமான பின் மகன்கள் அவருடைய யோசனையைக் கையில் எடுத்து, ‘வெல்வெட்’ என்ற பெயரில் ஷாம்புவை உறையில் அடைத்து விற்றார்கள். தமிழகமெங்கும் அந்தப் பெயர் பரவியது.

இங்கே கவனிக்க வேண்டிய சூட்சுமம் ஒன்று உண்டு. மாதச் சம்பளக்காரர் முதல் தேதியில் ஒரு பாட்டில் வாங்கி மாதம் முழுவதும் வைத்துக்கொள்வார். தினக்கூலிக்காரருக்கு முதல் தேதி என்பதே கிடையாது. அன்றாடம் கிடைப்பதில் அன்றாடத் தேவையை வாங்க வேண்டும். ஒரு பாட்டில் ஷாம்புவின் விலை அவருக்கு ஒரு நாள் சோறு. அவர் ஷாம்பு வேண்டாம் என்று சொல்லவில்லை. பாட்டிலைத்தான் வேண்டாம் என்றார். ஒரு தலைக்கு ஒரு முழுக்குக்குப் போதுமான அளவு, கையில் இருக்கும் சில்லறைக்குள் கிடைத்தால் அவரும் வாடிக்கையாளர்தான். இதைக் கண்டுகொண்டதுதான் கடலூர்க் குடும்பத்தின் சாமர்த்தியம்.

பதினைந்தாயிரம் ரூபாயுடன் வெளியேறியவர்

சகோதரர்களில் ஒருவரான சி.கே.ரங்கநாதன் கருத்து வேற்றுமையால் குடும்பத் தொழிலைவிட்டு வெளியே வந்தார். சொத்தில் பங்கு கேட்கவில்லை. கையில் இருந்தது ரூ.15,000. 1983-ஆம் ஆண்டு கடலூரில் ‘சிக்’ ஷாம்புவைத் தொடங்கினார். வீட்டு வாடகை மாதம் ரூ.250, தொழிற்கூடத்துக்கு ரூ.300, உறையில் அடைக்கும் இயந்திரத்துக்கு ரூ.3,000 என்று அந்த நாள் கணக்கை அவரே சொல்லியிருக்கிறார். முதல் மாதம் விற்றது இருபதாயிரம் உறைகள். இரண்டாம் மாதத்திலிருந்து லாபம்.

கடன் கிடைப்பதுதான் குதிரைக் கொம்பாக இருந்தது. ஈடு காட்டச் சொத்து இல்லாதவருக்கு எந்த வங்கி கடன் கொடுக்கும்? மூன்று ஆண்டுகள் அலைந்த பிறகு ஒரு வங்கி ரூ.25,000 கொடுத்தது. அதைச் சுழற்றியே அடுத்தடுத்த கடன்களைப் பெற்றார்.

போட்டியோ சாமானியமானதல்ல. ஒரு பக்கம் சொந்தச் சகோதரர்களின் வெல்வெட். மறு பக்கம் பல நாடுகளில் கிளை பரப்பிய பெரிய கம்பெனிகள். அவர்களைப்போல் பத்திரிகைகளில் முழுப்பக்க விளம்பரம் கொடுக்க இவரிடம் பணம் இல்லை. அதனால் கடைக்காரரை நம்பாமல், விளம்பரத்தையும் மட்டும் நம்பாமல், வாங்குபவரிடமே நேராகப் போனார்.

ஷாம்பு என்றால் என்னவென்றே தெரியாத கிராமங்களுக்கு ஆட்கள் போனார்கள். ஊர்ச் சிறுவன் ஒருவனைக் கூப்பிட்டு, எல்லார் முன்னிலையிலும் தலைக்குத் தேய்த்துக் குளிப்பாட்டினார்கள். முடி உலர்ந்ததும், கூடியிருந்தவர்களைத் தொட்டுப் பார்க்கவும் முகர்ந்து பார்க்கவும் சொன்னார்கள். சீயக்காயும் அரப்பும் தவிர வேறு அறியாத மக்களுக்கு அந்த மென்மையும் மணமுமே விளம்பரம். ரஜினிகாந்த் படங்களைக் கிராமங்களில் திரையிட்டு, நடுவே ஷாம்பு விளம்பரத்தைக் காட்டி, படம் முடிந்ததும் உறைகளை இலவசமாகக் கொடுத்தார்கள். இந்த முறை தமிழகக் கிராமங்களில் மட்டுமல்ல, ஆந்திரப் பிரதேசக் கிராமங்களிலும் பலித்தது. படம் காட்டிய ஊர்களில் விற்பனை மூன்று நான்கு மடங்கு கூடியதாம். இன்று மோண்டா மார்க்கெட்டில் தொங்கும் சரத்துக்கு அன்றே பாதை போட்டாகிவிட்டது.

காலி உறைக்கும் மதிப்பு

அவர் செய்தவற்றுள் மிகவும் பேசப்பட்டது காலி உறைத் திட்டம். எந்தக் கம்பெனி ஷாம்புவானாலும் சரி, ஐந்து காலி உறைகளைக் கொண்டுவந்தால் ஒரு சிக் உறை இலவசம் என்றார்கள். யோசித்துப் பார்த்தால் இதன் நுட்பம் விளங்கும். காலி உறை யாரிடம் இருக்கும்? ஏற்கெனவே ஷாம்பு வாங்குபவரிடம்தான் இருக்கும். அப்படியானால் இலவசம் போய்ச் சேர்வது சரியான ஆளிடம். போட்டிக்காரரின் வாடிக்கையாளர் தாமாகவே தேடி வந்து இவருடைய சரக்கைச் சோதித்துப் பார்க்கிறார். சில காலம் கழித்து, சிக் உறைகளைக் கொண்டுவந்தால் மட்டுமே இலவசம் என்று மாற்றினார்கள். வந்தவரைத் தங்கவைக்கும் உபாயம் இது.

மாதம் ரூ.35,000 ஆக இருந்த விற்பனை இதனால் ரூ.12 லட்சமாக உயர்ந்தது என்று ரங்கநாதன் கூறியிருக்கிறார். அதற்குப் பிறகு மல்லிகை, ரோஜா மணங்களைச் சேர்த்தார்கள். நடிகை அமலாவை விளம்பரத்துக்குப் பிடித்தார்கள். விற்பனை மாதம் ரூ.30 லட்சம் ஆகி, பின்னர் ஒரு கோடியை எட்டியது.

தலையில் மல்லிகை சூடும் நாட்டில் ஷாம்புவுக்கு மல்லிகை மணம் சேர்ப்பது பெரிய ஆராய்ச்சியா என்று கேட்கலாம். வாங்குபவர் வீட்டைக் கவனித்தவருக்குத்தான் அந்த யோசனை வரும். சரக்கை மேம்படுத்துவது என்பது எப்போதும் விஞ்ஞானக் கூடத்தில் நடப்பதல்ல. பூக்காரியின் கூடையைப் பார்த்தும் நடக்கும்.

பெயர் வைத்த விதம்

‘சிக்’ என்ற பெயர் சின்னி கிருஷ்ணன் என்ற தந்தையின் பெயரிலிருந்து வந்தது. இரண்டே எழுத்து. தமிழரும் தெலுங்கரும் கன்னடரும் திணறாமல் சொல்லலாம். தமிழ்க் காதுக்கு, தலைவாரும்போது எடுக்கும் ‘சிக்கு’ம் கூடவே நினைவுக்கு வரும். படிக்கத் தெரியாதவரும் கடையில் வாய் திறந்து கேட்கக்கூடிய பெயர். நாக்கில் புரளாத பெயரைக் கேட்க வெட்கப்பட்டு, “அந்தப் பச்சைப் பொட்டலம் கொடுங்க” என்று கையைக் காட்டுபவரிடம் கடைக்காரர் வேறொன்றைக் கொடுத்துவிட வாய்ப்பு உண்டு.

கம்பெனியின் பெயரும் இப்படித்தான். சிக் இந்தியா என்று தொடங்கியது 1990-ல் பியூட்டி காஸ்மெடிக்ஸ் ஆயிற்று. 1998-ல் ஊழியர்களிடமே பெயர் கேட்டு, ‘கெவின்கேர்’ என்று வைத்தார்கள். ‘கவின்’ என்றால் அழகு என்பது தமிழ் படித்தவருக்குத் தெரியும். ஆங்கிலத்தில் எழுதும்போது சி, கே என்ற தந்தையின் முதலெழுத்துகளும் அதில் பெரிய எழுத்தாக நிற்கின்றன.

வீட்டுப் பொடி விற்பவருக்கும் இதில் பாடம் இருக்கிறது. பெயர் வைப்பது பூஜைக்கு நாள் பார்ப்பதோடு முடிவதில்லை. மெட்டுகூடாவில் விற்கும் பொடியின் லேபிள் தமிழில் மட்டும் இருந்தால் தமிழர் மட்டுமே வாங்குவார்கள். தெலுங்கிலும் ஆங்கிலத்திலும் இருந்தால் பக்கத்து வீட்டுக்காரரும் வாங்குவார். பெயரை வேறொருவர் எடுத்துக்கொள்ளாமல் காக்க வேண்டுமானால் டிரேட் மார்க் பதிவு வேண்டும். தெலங்கானாவில் உள்ளவர்களுக்கும் அந்தப் பதிவு அலுவலகம் சென்னையில்தான் இருக்கிறது. பதிவு பத்தாண்டுக்குச் செல்லும்; பிறகு புதுப்பித்துக்கொள்ளலாம்.

அம்பர்பேட்டையின் சாட்சி

இதெல்லாம் கடலூர்க் கதை, நம் ஊரில் நடக்குமா என்று ஐயப்படுபவர்கள் அம்பர்பேட்டை வரை போய்வந்தால் போதும். ‘ஜிந்தா திலிஸ்மாத்’ தயாராவது அங்கேதான். சளி, தலைவலி, வயிற்று உபாதைக்கு என்று ஹைதராபாத் வீடுகளில் அலமாரியில் இருக்கும் அந்தச் சின்ன பாட்டில் 1920-ஆம் ஆண்டு ஹக்கீம் முகம்மது மொய்சுத்தீன் ஃபாரூக்கி என்ற யுனானி வைத்தியர் தொடங்கியது. யூகலிப்டஸ் தைலம் அதில் பிரதானம். உருதுப் பெயரின் பொருள், ‘உயிருள்ள மாயம்’.

அந்த பாட்டிலின் பெட்டியில் திடகாத்திரமான ஆப்பிரிக்க மனிதர் ஒருவரின் படம் இருக்கிறது. நிஜாமிடம் ஆப்பிரிக்கக் குதிரைப்படை ஒன்று இருந்தது, இன்றும் ஏ.சி.கார்ட்ஸ் என்ற பேட்டையின் பெயரில் அந்த நினைவு இருக்கிறது. அந்த வீரர்களைப் பார்த்துப் பழகிய ஊருக்கு, பலம் என்றால் இந்த முகம் என்று சொல்லாமலே விளங்கியது. உருது தெரியாத தெலுங்கரும், தெலுங்கு தெரியாத தமிழரும், எதுவும் படிக்காதவரும் படத்தைப் பார்த்தே அடையாளம் கண்டார்கள். ஆட்சி மாறியது, மாநிலம் மாறியது, 2014-ல் மறுபடியும் மாநிலம் மாறியது, படம் மாறவில்லை. ஒரு பெயரை நூறாண்டு காப்பது என்றால் இதுதான்.

நாணயம்தான் எஜமான்

விலை வைப்பதில் இரண்டு வழி உண்டு. செலவை எல்லாம் கூட்டி, அதன்மேல் லாபம் வைத்து, வந்த தொகையை விலையாகச் சொல்வது ஒரு வழி. நம் வீட்டுப் பெண்கள் பலர் கையாள்வது இதையே. வாங்குபவர் கையில் எந்த நாணயம் இருக்கிறது என்று முதலில் பார்த்து, அதையே விலையாக வைத்து, அந்த விலைக்குள் எவ்வளவு சரக்கு கொடுக்க முடியும் என்று பின்னோக்கிக் கணக்குப் போடுவது இரண்டாவது வழி. கடலூர்க்காரர் சென்றது இந்த இரண்டாவது வழியில். 1999-ல் சிக் ஷாம்பு ஐம்பது காசு உறையில் வந்தபோது, பெரிய கம்பெனிகளும் திரும்பிப் பார்த்தன. ஐம்பது காசு என்பது செலவைக் கூட்டி வந்த தொகை அல்ல. மக்கள் கையில் புழங்கிய நாணயம்.

நாணயம் போனால் விலையும் போகும். 25 காசும் அதற்குக் கீழ்ப்பட்டவையும் 2011 ஜூன் 30 முதல் செல்லாதவை ஆயின. ஐம்பது காசு சட்டப்படி செல்லும் என்றாலும் கடைக்காரர் கை நீட்டி வாங்குவதில்லை. சில்லறைக்குப் பதில் மிட்டாய் கொடுக்கிறார். அதனால் உறையின் அடிமட்ட விலை ஒரு ரூபாய் ஆகிவிட்டது.

2025 செப்டம்பர் 22-ஆம் தேதி முதல் ஷாம்பு மீதான ஜி.எஸ்.டி. 18 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்தபோது ஒரு வேடிக்கை நடந்தது. கணக்குப்படி ஒரு ரூபாய் உறை 89 காசுக்கு வர வேண்டும். 89 காசை எந்த நாணயத்தில் கொடுப்பது? கைப்பேசியில் பணம் அனுப்பும் காலம்தான். ஆனாலும் ஒரு உறை ஷாம்புவுக்கு 89 காசு என்று தட்டி அனுப்புபவர் யார்? விலையை அப்படியே வைத்து உறைக்குள் அளவைக் கூட்டுவதுதான் நடைமுறைக்கு ஒத்த வழியாக இருந்தது. அரசாங்கம் வரியைக் குறைக்கலாம். நாணயத்தின் அதிகாரத்தைக் குறைக்க முடியாது.

வீட்டுப் பொடிக்கு ஒரு கணக்கு

இப்போது அடுப்பங்கரைக்கு வருவோம். உதாரணத்துக்காக ஒரு கிலோ இட்லிப் பொடியை எடுத்துக்கொள்வோம். பருப்பு, மிளகாய், எள், பெருங்காயம் சேர்த்து ரூ.260. எரிவாயுவும் அரவைக் கூலியும் ரூ.30. கடைக்குக் கொண்டுபோகும் செலவு ரூ.20. ஐம்பது கிராம் வீதம் இருபது பொட்டலம். உறைக்கும் லேபிளுக்கும் ஒன்றரை ரூபாய் வீதம் ரூ.30. ஆக மொத்தம் ரூ.340. பொட்டலம் ஒன்றுக்கு ரூ.17.

பொட்டலம் ரூ.25 என்று விலை வைக்கிறார்கள். கடைக்காரர் கமிஷன் நூற்றுக்கு இருபது. ஐந்து ரூபாய் அவருக்கு. கைக்கு வருவது ரூ.20. பதினேழு போக மூன்று ரூபாய் லாபம், இருபது பொட்டலத்துக்கு ரூ.60 என்று சந்தோஷப்படுகிறார்கள்.

இதில் விட்டுப்போனது எது? வறுத்துப் பொடித்துக் கட்டிய இரண்டு மணி நேர உழைப்பு. அதே இரண்டு மணி நேரம் வேறு எங்காவது வேலை செய்தால் மணிக்கு ரூ.50 கிடைக்கும் என்று வைத்தால் கூலி ரூ.100. அதைச் சேர்த்தால் பொட்டலத்தின் உண்மையான அடக்கம் ரூ.22. கைக்கு வருவது இருபது. அப்படியானால் ஒவ்வொரு பொட்டலத்திலும் இரண்டு ரூபாய் நஷ்டம். லாபம் என்று நினைத்தது தன் கூலியில் ஒரு பகுதி. அதுவும் முழுதாக வரவில்லை. ஆறு மாதத்தில் உடம்பு சலித்து வியாபாரம் நிற்பதற்கு இதுவே காரணம். ராசி என்ன செய்யும்?

இதையே பின்னோக்கிப் போட்டுப் பார்ப்போம். நகரில் அறை எடுத்துத் தனியாகத் தங்கியிருக்கும் பையன்கள் ஏராளம். தெருமுனை வண்டியில் இட்லி வாங்கிவந்து அறையில் சாப்பிடும் பையனுக்கு ஐம்பது கிராம் பொடி எதற்கு? அவன் யோசிக்காமல் எடுத்துக் கொடுக்கும் காசு பத்து ரூபாய். விலை பத்து என்று முதலில் முடிவு. கடைக்காரருக்கு இரண்டு, மீதி எட்டு. உறைக்கும் லேபிளுக்கும் ஒன்றரை, மீதி ஆறரை. கூலியும் சேர்த்துப் பொடியின் அடக்கம் கிராமுக்கு 41 காசு. பதினான்கு கிராம் போட்டால் ரூ.5.74. கையில் நிற்பது 76 காசு. ஒரு கிலோவில் எழுபத்தொரு பொட்டலம். லாபம் ஏறத்தாழ ரூ.54, கூலி ரூ.100 தனி.

இங்கேயும் கண்ணை மூடிக்கொள்ளக் கூடாது. இருபது பொட்டலம் கட்டிய கை எழுபத்தொன்று கட்ட வேண்டும். அதற்குக் கூடுதலாக ஒரு மணி நேரம் ஆனால் ஐம்பது ரூபாய் அதற்கே சரியாய்ப் போய்விடும். பதினைந்தாயிரத்தில் மூவாயிரத்தை ரங்கநாதன் ஏன் இயந்திரத்தில் போட்டார் என்பது இப்போது விளங்கும். சிறு பொட்டல வியாபாரத்தில் லாபம் சரக்கில் இல்லை. கட்டும் வேகத்திலும் விற்கும் எண்ணிக்கையிலும் இருக்கிறது. தனியாக ஒரு பெண்ணால் முடியாததை நான்கு வீடுகள் சேர்ந்தால் செய்யலாம். பருப்பும் மிளகாயும் தெருக்கடையில் வாங்காமல் பேகம் பஜார் மொத்தக் கடையில் சேர்ந்து வாங்கினால் ரூ.260 குறையும். லேபிளை ஆயிரமாக அச்சடித்தால் அதுவும் குறையும். பத்து ரூபாய்ப் பொட்டலம் ருசி காட்டி அறிமுகம் செய்யும். குடும்பத்துக்கு ஐம்பது கிராம் பொட்டலம் முப்பது ரூபாய்க்கு. அதில் கமிஷன் ஆறு போக இருபத்துநான்கு கைக்கு வரும். அடக்கம் இருபத்திரண்டு போக இரண்டு ரூபாய் மிஞ்சும்.

வாங்குபவருக்கும் ஒரு கணக்கு

விற்பவர் கணக்கைப் பார்த்தோம். வாங்குபவர் கணக்கையும் பார்ப்பதே நியாயம். மேலே சொன்ன உதாரணத்தில் பெரிய பொட்டலத்தில் பொடி கிராமுக்கு அறுபது காசு. சிறியதில் எழுபத்தொரு காசு. சில்லறையாக வாங்குபவர் கிராமுக்குப் பதினோரு காசு கூடுதலாகக் கொடுக்கிறார். ஷாம்புவில் இது பல சமயம் தலைகீழ். பாட்டிலைவிட உறையில்தான் மலிவு. பொருளுக்குப் பொருள் கணக்கு மாறும். ஆகவே எடையைப் பார்க்காமல் விலையை மட்டும் பார்ப்பவர் ஏமாறுவார். அடைத்து விற்கும் பொட்டலத்தில் எடை, எல்லா வரியும் அடங்கிய அதிகபட்ச விலை, தயாரித்த மாதம், தயாரித்தவர் விலாசம் இவற்றைப் போடச் சட்டம் சொல்கிறது. உணவுப் பொருளுக்கு உணவுப் பாதுகாப்புத் துறையின் பதிவு எண்ணும் வேண்டும். வீட்டில் செய்கிற பொடிதானே என்று இதை விட்டுவிட முடியாது. பதினான்கு கிராம் என்று அச்சடித்துவிட்டுப் பன்னிரண்டு போடுபவர், பெயரைச் சம்பாதிக்கும் முன்பே இழந்துவிடுகிறார்.

இன்னொன்றும் உண்டு. கிழித்த உறை எங்கே போகிறது? பல அடுக்குப் பிளாஸ்டிக்கால் ஆன அந்த உறையைப் பிரித்து மறுபடியும் பயன்படுத்துவது கடினம். காயலான் கடைக்காரர்கூட எடையில் வராத இதைப் பொறுக்குவதில்லை. சாக்கடை அடைத்துக்கொள்வது இப்படித்தான். குட்கா, புகையிலை, பான் மசாலாவைப் பிளாஸ்டிக் உறையில் விற்க 2016 விதிகள் தடை விதித்திருக்கின்றன. ஷாம்புவுக்கு அந்தத் தடை இல்லை. ஒரு காலத்தில் ஐந்து காலி உறைக்கு ஒரு உறை கொடுத்துத் திரும்பப் பெற்ற கம்பெனி உண்டு என்பதை இந்த இடத்தில் நினைத்துப் பார்க்கலாம். அன்று விற்பனைக்காகச் செய்ததை இன்று சுத்தத்துக்காகச் செய்ய முடியாதா என்ன?

மோண்டா மார்க்கெட்டில் இருட்டிவிட்டது. சரத்தில் பாதி தீர்ந்துவிட்டது. கடைக்காரர் புதுச் சரம் ஒன்றை எடுத்து ஆணியில் மாட்டுகிறார். பக்கத்து ஆணி ஒன்று வெறுமையாக இருக்கிறது. நம் வீட்டுப் பொடிச் சரம் அதில் ஒரு நாள் தொங்க வேண்டுமானால், அடுப்பைப் பற்றவைக்கும் முன் ஒரு தாளும் பென்சிலும் எடுத்து உட்கார வேண்டும். தாளின் உச்சியில் முதலில் எழுத வேண்டியது பருப்பு விலை அல்ல. வாங்க வருபவரின் சட்டைப் பையில் இருக்கும் காசு.